வேலி தடுக்கட்டும், உயிரைக் குடிக்க வேண்டாம்!



வேலி எதற்கு? வருகிறவனைப் பார்த்து, "இதுக்கு மேல வராதே, திரும்பிப் போ" என்று சொல்வதற்கு. சுவர் எதற்கு? ஏறலாமா என்று நினைக்கிறவனை, வேண்டாம் என்று நினைக்க வைப்பதற்கு. அவ்வளவுதான் வேலியின் வேலை. ஏறியவனைக் கொல்வது வேலியின் வேலை அல்ல. அதைச் செய்வதற்குப் பெயர் வேலி இல்லை, பொறி.

இதை ஏன் இப்போது எழுதுகிறோம்? மோட்டாருக்கு வரும் லைனிலிருந்து ஒரு வயரை இழுத்து, காட்டைச் சுற்றிக் கட்டுக்கம்பியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. "பன்னிக்கு வச்சேன்" என்கிறார் ஒருவர். "மோட்டார் வயரை அறுத்துட்டுப் போறான், அவனுக்கு வச்சேன்" என்கிறார் இன்னொருவர். ஆனால் கம்பிக்கு ஆள் தெரியாது. பன்றியும் ஒன்றுதான், திருடனும் ஒன்றுதான், பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பாவும் ஒன்றுதான்.

யார் சாகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ராத்திரி மோட்டார் போடப் போனவர். மடை திருப்பப் போனவர். காணாமல் போன மாட்டைத் தேடிப் போனவர். கருக்கலில் காட்டுப் பக்கம் ஒதுங்கப் போன பெண். புல் அறுக்க வந்த கூலிக்காரம்மா. குறுக்கு வழியில் பள்ளிக்கூடம் போன பிள்ளை. கடைசியில் கம்பி கட்டியவரே, காலையில் சுவிட்சை அணைக்க மறந்து அதே கம்பியைப் பிடித்தவர். இதில் திருடன் எங்கே இருக்கிறான்? திருட வருகிறவன் டார்ச் லைட்டோடு, வேலியை நோட்டம் பார்த்துவிட்டு வருகிறான். நம்பிக்கையோடு இருட்டில் நடந்து வருகிறவன் நம்ம ஆள். அவன்தான் சாகிறான்.

பீஸ் போயிடும் என்று நம்பாதீர்கள்

"ஆள் தொட்டா பீஸ் போயிடும், ஒண்ணும் ஆகாது" என்று சிலர் தைரியம் சொல்கிறார்கள். இது உயிரை வாங்கும் பொய். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிங்கிள் பேஸ் லைனில் வருவது 230 வோல்ட். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கிற ஒருவர் தொட்டால், அவர் உடம்பு வழியாகப் போகிற மின்சாரம் ஏறக்குறைய கால் ஆம்பியர். நம் பீஸ் கம்பி 5 ஆம்பியர், 10 ஆம்பியர் தாங்குகிறது. அப்புறம் எப்படி அது போகும்? போகாது. ஆனால் கால் ஆம்பியரில் பாதி போதும், நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகி மனிதன் சாவதற்கு. பீஸ் மோட்டாரைக் காப்பாற்ற வைத்தது. ஆளைக் காப்பாற்ற அல்ல. ஆளைக் காப்பாற்றுவதற்கென்று இருக்கிற ஈ.எல்.சி.பி. கருவி ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, அதாவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைத்துவிடும். காட்டுவேலிக்கு அதை யாரும் மாட்டுவதில்லை; மாட்டினால் முதல் பனிக்கே லைன் விழுந்துவிடும், கம்பியில் கரண்டு நிற்காது.

இன்னொன்று. லைன் கரண்டு விடாமல் பாய்கிறது. தொட்டவனின் கைத்தசை இறுகிவிடுகிறது. விடணும் என்று நினைத்தாலும் கை விடாது. கூப்பிட வாய் வராது. காப்பாற்றப் போகிறவரும் அவரைத் தொட்டு அதே கம்பியோடு போகிறார். ஒரே வீட்டில் இரண்டு சாவு விழுவது இப்படித்தான்.

சூரிய மின்வேலி, நாம் சோலார் வேலி என்கிறோமே, அதன் வேலை வேறு. அதில் 12 வோல்ட் பேட்டரி. எனர்ஜைசர் என்கிற பெட்டி அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றுகிறது. ஆனால் தொடர்ந்து விடுவதில்லை. ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை, கண் சிமிட்டுகிற நேரத்திலும் மிகக் குறைந்த நேரத்துக்கு, ஒரு சுண்டு சுண்டும். சுண்டலுக்கும் சுண்டலுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் தொட்டவன் கையை எடுத்துவிடுகிறான். சுரீர் என்று அடிக்கும், அலறிக்கொண்டு ஓடுவான், மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டான். இதுதான் தடுப்பது. லைன் கரண்டு செய்வது கொலை. இரண்டையும் "கரண்டு வேலி" என்று ஒரே பேரில் கூப்பிடுவதால்தான் குழப்பமே வருகிறது.

திருடன் என்றாலும் கொல்ல உரிமை இல்லை

"என் காடு, என் வேலி, எவன் ஏறச் சொன்னான்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விபோலத்தான் தெரியும். இதற்கு இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 1963-லேயே பதில் சொல்லிவிட்டது.

பீகாரில் நடந்த வழக்கு அது. 1959-ல் ஒரு வீட்டுக் கழிப்பறையின் சுவர் இடிந்து விழுந்தது. அந்த வீட்டுப் பெண் பக்கத்து வீட்டுக்காரரின் கழிப்பறைக்குப் போய்வர ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. போகும் வழியில் உறையில்லாத செம்புக் கம்பியைக் கட்டிக் கரண்டு விட்டார். எச்சரிக்கை எதுவும் வைக்கவில்லை. அந்தப் பெண் தொட்டார், செத்தார். "என் இடத்தில் அத்துமீறி வந்தாள், என் சொத்தைக் காத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு" என்று வாதாடினார் கம்பி கட்டியவர். உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. அத்துமீறி வந்தவர் என்பதாலேயே ஒருவர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை, வருகிறவரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு மறைவாகப் பொறி வைக்க இடத்துக்காரருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, தண்டனையை உறுதி செய்தது.

அன்று அந்தக் குற்றத்துக்கு, அதாவது அஜாக்கிரதையால் சாவு ஏற்படுத்தியதற்கு, அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-வது பிரிவு அதை ஐந்து ஆண்டாக உயர்த்தியிருக்கிறது. சாவு வரும் என்று தெரிந்தே செய்தது என்று போலீஸ் 105-வது பிரிவில் வழக்குப் போட்டால் பத்து ஆண்டு வரை போகும். விவசாயத்துக்குக் கொடுத்த மின்சாரத்தை வேலிக்குத் திருப்பியது மின்சாரச் சட்டம் 2003-ன் 135-வது பிரிவில் தனிக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. செத்தது யானையாக இருந்தால் வன உயிரினச் சட்டப்படி மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வேலிக் கம்பியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்ற படத்தை நாடே பார்த்தது. கம்பி கட்டிய விவசாயி சிறைக்குப் போனார். அவர் பெரிய பண்ணையார் இல்லை, நம்மைப் போல இருக்கிற காட்டில் பாடுபட்டவர்தான். பயிரைக் காக்கக் கட்டிய கம்பி கடைசியில் குடும்பத்தையே கோர்ட் வாசலில் நிறுத்தியது.

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் வேலியில் ஆள் செத்துக் கிடக்கிறார். பயத்தில் வயரைச் சுருட்டி ஒளிப்பதும், உடலை வேறு இடத்தில் போடுவதும். ஒரு குற்றம் இரண்டாகிறது. அஜாக்கிரதை என்று முடிய வேண்டியது கொலையை மறைத்ததாக மாறுகிறது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான்.

விவசாயியைக் கம்பி கட்ட வைத்தது யார்?

இத்தனையும் நம்ம ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக எழுதவில்லை. கம்பி கட்டியவன் கொலைகாரன் அல்ல. ஆறு மாதம் பாடுபட்ட மக்காச்சோளத்தை ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போவதைப் பார்த்தவன். கடலைக்காட்டில் காய் பறிக்க எதுவும் மிஞ்சாதவன். கடன் வாங்கிப் போட்ட கேபிளை மூன்றாவது தடவையாக அறுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், "வயர் போனதுக்கெல்லாம் எப்.ஐ.ஆரா?" என்று கேட்கிறார்கள். வனத்துறைக்குப் போனால் மனு எழுதிக் கொடு என்கிறார்கள். நஷ்ட ஈடு வருவதற்குள் அடுத்த போகமும் முடிந்துவிடுகிறது.

வசதி உள்ளவன் கருங்கல் சுவர் எழுப்புகிறான், மேலே சுருள் முள்கம்பி போடுகிறான், கேமரா வைக்கிறான், வாட்ச்மேன் போடுகிறான். இரண்டு ஏக்கர்க்காரனுக்கு என்ன இருக்கிறது? கட்டுக்கம்பியும் மோட்டார் லைனும்தான். பாதுகாப்பு காசுக்கு விற்கிற சரக்காகிப் போனதால்தான் ஏழையின் வேலி கொல்லும் வேலியாகிறது. இதற்கு அரசும் பதில் சொல்ல வேண்டும்.

2023-ல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கு விதிமுறை கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் சோலார் வேலி போடவும் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஒழுங்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் விதி எழுத ஒரு பேனா போதும். வேலி போடப் பணம் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வருகிற சோலார் வேலி மானியம் நம்மில் எத்தனை பேர் கைக்கு வந்தது? முழுப் பணத்தையும் முன்னால் போடு, பிறகு மானியம் தருகிறோம் என்றால் முன்னால் போட யாரிடம் இருக்கிறது? 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி விஷயத்திலும் ஆணை வந்தது. காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்றார்கள். ஆனால் சுடுவதற்குப் பயிற்சி பெற்ற வனத்துறை ஆள் வேண்டும். பன்றி ஆணையைப் படித்துவிட்டுக் காத்திருக்காது.

ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். லைன் கம்பியை நாம் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த இடத்தில் நல்ல வேலிக்கு வழிசெய்ய அரசை நாம் கட்டாயப்படுத்த வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் வேலைக்கு ஆகாது.

கொல்லாமல் தடுப்பது எப்படி?

திருட வருகிறவனுக்கு மூன்று பயம் உண்டு. ஏற நேரமாகும் என்ற பயம், சத்தம் கேட்கும் என்ற பயம், முகம் தெரிந்துவிடும் என்ற பயம். இந்த மூன்றையும் கூட்டுகிற வேலிதான் நல்ல வேலி.

முதலில் உயிர்வேலி. நம் முன்னோர் கரண்டு இல்லாத காலத்தில் எப்படிக் காத்தார்கள்? காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகளைப் போய்ப் பாருங்கள். முள்கிளுவை வேலி தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. மழைக்கு முன் போத்து வெட்டி நெருக்கமாக நட்டால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் கேட்காது, மாடு உடைக்காது, ஆள் ஏற முடியாது. இடையில் களா, கொடுக்காப்புளி, இலந்தை வைத்தால் காயும் கிடைக்கும், முள்ளும் கிடைக்கும். வெளிப்பக்கம் ஒரு வரிசை கற்றாழை வைத்தால் பன்றி மூக்கை நுழைக்க யோசிக்கும். உயிர்வேலி வளர மூன்று நாலு வருஷம் ஆகும், உண்மைதான். அதுவரை சீமைக்கருவேல முள்ளைப் படலாகக் கட்டி வையுங்கள். இட்டேரிகளின் இரண்டு பக்கமும் இருந்த வேலிகளை ஜே.சி.பி. விட்டு வழித்தெடுத்துவிட்டு, இப்போது கம்பிக்குக் காசு தேடி அலைகிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

அடுத்து கம்பி வேலி. கல்லுக்காலுக்கு முட்டுக் கொடுப்பதை உள்பக்கமாகக் கொடுங்கள். வெளிப்பக்கம் கொடுத்தால் அதுவே ஏறுகிறவனுக்குப் படிக்கட்டு. முள்கம்பி வரிசையை மேலே நெருக்கமாகக் கட்டுங்கள். மேல் நுனியில் இரும்புப் பட்டையை வெளிப்பக்கம் சாய்த்து இரண்டு வரிசை கட்டினால், ஏறி வருகிறவன் அங்கே தொங்கத்தான் வேண்டும். பாதை ஓரமாக இருந்தால் சின்னப் பிள்ளைகள் முகம் படுகிற உயரத்தில் முள்கம்பி வேண்டாம், வெறும் கம்பி போதும்.

மதில் கட்டியிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். திருடன் ஒரு சாக்கைப் போட்டுவிட்டு அதன் மேல் ஏறி வந்துவிடுவான். பந்து எடுக்க ஏறுகிற பையன்தான் உள்ளங்கையைக் கிழித்துக்கொள்வான். அதைவிட, வெளிப்பக்கச் சுவரைக் கால் வைக்க இடமில்லாமல் வழவழப்பாகப் பூசுங்கள். சுவரை ஒட்டிச் செங்கல், விறகு, தென்னமட்டை அடுக்காதீர்கள். சுவர் மேல் சாய்ந்த கிளையைக் கழித்துவிடுங்கள். பல இடங்களில் சுவர் ஏற ஏணி கொடுப்பது நாமேதான்.

மோட்டார் திருட்டுக்கு: கேபிளை மண்ணுக்குள் பைப்பில் விடுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு இரும்புக் கதவும் உள்பூட்டும் போடுங்கள். போல்ட்டு நட்டை வெல்டிங் வைத்துவிட்டால் கழற்ற நேரமாகும். ஒரு சோலார் லைட்டு, ஒரு நாய், லைன் போனால் போனுக்குத் தகவல் சொல்லும் செல்போன் ஸ்டார்ட்டர் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும்விடப் பெரிய வேலி பக்கத்துத் தோட்டக்காரன் கண். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய இரண்டு பேருக்கு நடுவில்தான் திருடன் சுலபமாகப் புகுந்து போகிறான்.

சோலார் வேலி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஐ.எஸ்.ஐ. தரத்துக்கு உட்பட்ட எனர்ஜைசர் மட்டும் வாங்குங்கள். முள்கம்பியில் அதை இணைக்காதீர்கள், சிக்கிக்கொண்டவர் கையை எடுக்க முடியாது. அதன் எர்த்தை மோட்டார் எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளிப் போடுங்கள். எச்சரிக்கைப் பலகை இல்லாத மின்வேலி பொறியே. பேட்டரி இறங்கிவிட்டது என்று ஒருநாளும், ஒரு ராத்திரிகூட, லைன் கரண்டை அந்தக் கம்பியில் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். கடவு விடுங்கள். பழைய கொரங்காட்டு வேலிகளில் எல்லாம் ஆள் போய்வர ஒரு கடவு இருக்கும். வேலி ஏறுகிறவர்களில் பாதிப் பேர் திருட வரவில்லை, வழி இல்லாமல் ஏறுகிறார்கள். காலம்காலமாக நடந்த தடத்தை அடைத்து வேலி போட்டால் மனிதன் எங்கே போவான்? வழி விட்ட வேலியை யாரும் ஏறுவதில்லை.

பெரிய சுவர்களைப் பற்றியும் பேசுவோம்

இந்தப் பேச்சு நமக்கு மட்டும் இல்லை. நம் காட்டுக்குப் பக்கத்தில் கல்குவாரி வருகிறது, மனை வியாபாரி வருகிறான், கம்பெனி வருகிறது. வந்த முதல் வேலை சுவர். ஆள் உயரத்துக்கு மேல் சுவர், அதற்கு மேல் சுருள் கம்பி. சுவருக்குள் போனது அவர்கள் வாங்கிய நிலம் மட்டும்தானா? வண்டிப்பாதை போயிருக்கிறது. ஏரிக்கு வரும் வாரி போயிருக்கிறது. மயானப் பாதை போயிருக்கிறது. பிறகு பழைய தடத்தில் போக ஏறிக் குதித்தால் நம் மேல் அத்துமீறல் வழக்கு!

ஏறாதீர்கள். நம் உயிரையும் காலையும் அந்தச் சுருள் கம்பிக்குக் கொடுக்க வேண்டாம். காகிதத்தால் அந்தச் சுவரை உடைப்போம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டு நகல் கேளுங்கள், எப்.எம்.பி. வரைபடம் வாங்குங்கள். பாதையும் வாரியும் புறம்போக்கு என்று அதில் இருந்தால், 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தார் அதை அகற்றியே தீர வேண்டும். பட்டா நிலத்தின் வழியே போகிற தடமானாலும், உரிமையோடு, தடையில்லாமல், இருபது வருஷம் நடந்திருந்தால் 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் நமக்குத் துணை நிற்கும். தனியாளாகப் போனால் அலைய விடுவார்கள். சங்கமாகப் போவோம்.

நம் கோரிக்கைகள்

1. சிறு, குறு விவசாயிகளுக்கு சோலார் வேலியை முழு மானியத்தில் அரசே போட்டுத் தர வேண்டும். முன்பணம் கேட்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே வேலி போட முன்வந்தால் அவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

2. உயிர்வேலி நடும் வேலையை நூறு நாள் வேலைக்காரர்களைக் கொண்டு செய்ய வழிவகை காண வேண்டும். கிளுவைப் போத்தும் களா நாற்றும் தோட்டக்கலைத் துறை இலவசமாகத் தர வேண்டும்.

3. பன்றி, யானையால் அழிந்த பயிருக்கு, பார்வையிட்ட ஒரு மாதத்துக்குள், சந்தை விலைக் கணக்கில் நஷ்ட ஈடு தர வேண்டும்.

4. மோட்டார், கேபிள் திருட்டுப் புகாருக்கு ரசீதும் எப்.ஐ.ஆரும் தர வேண்டும். திருட்டுச் செம்பு வாங்கும் கடைகளைப் பிடிக்க வேண்டும். அறுத்த வயரை வாங்க ஆள் இருக்கிறவரை அறுக்கிறவனும் இருப்பான்.

5. லைன் கம்பியைத் தானாக முன்வந்து அவிழ்க்கும் விவசாயி மேல் வழக்குப் போடக் கூடாது, இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. மின்வாரிய ஊழியரும் சங்கமும் சேர்ந்து ஊர் ஊராக ஒரு மாத கால அவகாசம் தந்து இதை முடிக்க வேண்டும்.

6. சுவருக்குள் அடைபட்ட வண்டிப்பாதை, வாரி, மயானப் பாதைகளை அளந்து மீட்டுத் தர வேண்டும்.

கிளைச் சங்கங்களுக்கு

கோரிக்கை நிறைவேறட்டும், அப்புறம் அவிழ்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்தத் துண்டறிக்கை கைக்கு வந்த வாரமே கிளைக் கூட்டம் போடுங்கள். எந்தெந்தக் காட்டில் கம்பி ஓடுகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், வெளியே சொல்லத்தான் கூச்சம். அந்த விவசாயி வீட்டுக்கு நாலு பேராகப் போங்கள். காட்டிக்கொடுக்கப் போகவில்லை, காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லுங்கள். "மாமா, நாளைக்கு உங்க பேரனே அந்தப் பக்கம் போவான்" என்று எடுத்துச் சொல்லுங்கள். அவிழ்த்த காட்டுக்கு ராக்காவல் முறை போட்டு, வாரத்துக்கு இத்தனை பேர் என்று பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கேட்காதவரிடம் திரும்பவும் போங்கள். அதற்கும் மசியாமல் அடம்பிடித்தால், ஊர் உயிர்தான் பெரிது. மின்வாரியத்துக்குச் சொல்வதில் தப்பில்லை. மின்னகம் எண் 94987 94987.

யாராவது கம்பியில் சிக்கிவிட்டால் ஓடிப்போய் ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கம்பால் கம்பியைத் தட்டிவிடுங்கள். பச்சை மூங்கில், ஈரக்கழி ஆகாது. மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் விடாமல் அழுத்திக்கொண்டே இருங்கள், இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும். இதைப் பெண்களும் பிள்ளைகளும்கூடத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தோழர்களே! 1970-ல் பெருமாநல்லூரில் யூனிட்டுக்கு ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகள் மூன்று பேர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் ரத்தம் சிந்தினார்கள். அந்தப் போராட்டங்கள்தான் இன்றைய இலவச மின்சாரத்துக்கு அடிக்கல். நம்மவர்கள் உயிரைக் கொடுத்து வாங்கிய மின்சாரம் அது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கக் கொடுத்தது. அந்தக் கரண்டை நம்மவர்கள் உயிரை எடுக்க விடலாமா?

கம்பியை அவிழ்ப்போம். வேலியைக் கேட்போம். கொடுக்காத அரசின் வாசலில் போய் உட்காருவோம். வட்டாட்சியர் அலுவலகம் முன் நடக்கவிருக்கும் ஆர்ப்பாட்டத்தின் தேதியைக் கிளைச் செயலாளர்கள் அறிவிப்பார்கள். அவிழ்த்த கட்டுக்கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வாருங்கள். அதை அதிகாரி மேசையில் வைத்துவிட்டு, "நாங்க அவிழ்த்துட்டோம், நீங்க என்ன தர்றீங்க?" என்று கேட்போம்.

வேலி வேண்டும், சாவு வேண்டாம்!

பயிரையும் காப்போம், உயிரையும் காப்போம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!